கழுத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதில் என் அண்ணன் பெண்ணின் வயதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வீட்டில் ஒரே பேச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் சொல்லப்போவதிலும் தேதி எதுவும் நினைவில் இல்லை. யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்கவில்லை.

தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபது வருடத்துக்கு மேல் ஆயாவாக இருந்தேன். அங்கே ஒரு நாள் காலையில் என் தங்கை கஸ்தூரி கட்டிலில் படுத்திருந்தாள். தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தேன். தலை பின்னால் சாய்ந்து, கழுத்து மேலே தூக்கிக்கொண்டு இருந்தது. நான் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி என்னைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஆட்ட அறுக்கப்போற மாதிரி படுக்க வச்சிகீற."

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெயந்தி சிரித்துவிட்டாள். டாக்டர் சொல்லச் சொல்ல டைப் செய்கிற பெண் அவள். டாக்டர் சிரிக்கவில்லை. "பேசாதீங்கம்மா. எச்சில் முழுங்காதீங்க" என்றார்.

அவள் என் கூடப் பிறந்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்த சென்டரில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருமே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானாகச் சொல்லவும் இல்லை. சொன்னால் சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம். டோக்கன் போட்டு, மற்றவர்களோடு வரிசையில்தான் உட்காரவைத்தேன்.

டாக்டர் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

என் வேலை

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. கூப்பிடுகிற நம்பரை உள்ளே அழைத்துவர வேண்டும். செயினைக் கழற்றச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டார்கள், கழற்றச் சொல்லவும் மாட்டேன். கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளி, தோளுக்கு அடியில் சொருகிவிடுவேன். அது நானாகக் கண்டுபிடித்த வழி. பிறகு துண்டு, பிறகு கழுத்தில் ஜெல்.

ஜெல் பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஏசி வேறு. திடீரென்று தொண்டையில் பட்டால் பயந்தவர்கள் இன்னும் பயந்துபோவார்கள். அதனால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஜெல் பாட்டிலை அதில் போட்டு வைத்திருப்பேன்.

பெண்கள்தான் அதிகம் வருவார்கள். பூ வைத்துக்கொண்டு வருவார்கள். தலையைப் பின்னால் சாய்க்கும்போது மல்லி நசுங்கும். சாயந்திரம் கட்டில் விரிப்பை உதறினால் வாடிய பூ வாசனையும் ஜெல் வாசனையும் சேர்ந்து வரும். இப்போதும் பூக்கடைப் பக்கம் போனால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்கேன் முடிந்ததும் டிஷ்யூ பேப்பரால் கழுத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"

ரிப்போர்ட்டில் என்ன வரும் என்று நாங்கள் வாயே திறக்கக் கூடாது. அது சென்டரின் கண்டிப்பு. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு வெறுமனே இருக்க முடியாது. அதனால் நானும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். "ஒண்ணும் இருக்காதும்மா, பயப்படாம போய்ட்டு வா." துடைப்பதும் இதைச் சொல்வதும் ஒரே வேலை மாதிரி ஆகிவிட்டது. கை துடைக்கும், வாய் சொல்லும்.

அதில் தப்பு இருப்பதாக நான் நினைத்ததில்லை. அவர்கள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக அவர்களுடைய டாக்டரிடம்தான் போவார்கள். ஆயா சொன்னதை யார் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள்?

எண்ணக் கற்றுக்கொண்டது

நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு டாக்டரும் அவரவருக்குத் தோன்றியபடி சொல்வார். கழுத்துக் கட்டியைப் பார்த்து ஒருவர், சின்னதுதான், பயமில்லை என்பார். அதே கழுத்தை அடுத்த மாதம் இன்னொருவர் பார்த்துவிட்டுச் சந்தேகமாக இருக்கிறது என்பார். ஜனங்கள் இரண்டு பேப்பரையும் வைத்துக்கொண்டு வரவேற்பில் நின்று சண்டை போடுவார்கள்.

பிறகு இந்த டாக்டர் வந்தார். ஒரு தாளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினார். இனிமேல் கழுத்தில் எந்தத் தைராய்டு கட்டியைப் பார்த்தாலும் ஐந்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மார்க், எந்த ஊரில் எந்த டாக்டர் பார்த்தாலும் ஒரே கணக்கு என்று ஜெயந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தலையணை உறை மாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. முழுக்க இங்கிலீஷ். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக் கழுத்து, பதினைந்து கழுத்து. டாக்டர் வாய்விட்டுச் சொல்வார், ஜெயந்தி தட்டுவாள். காதில் விழுந்து விழுந்தே தெரிந்துபோனது.

கட்டிக்குள் தண்ணீரா, சதையா? சதை என்றால் இரண்டு. படத்தில் கறுத்துத் தெரிந்தால் இரண்டு. ஓரம் கிழிந்த துணி மாதிரி இருந்தால் இரண்டு. உள்ளே ரவை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் மூன்று. இன்னொன்று, கட்டி படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்பது. அகலத்தைவிட உயரம் கூட இருந்தால் அது நிற்கிற கட்டி. அதற்கும் மூன்று. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் டாக்டரிடம் அவர் ஒரு முறை சொன்னார்: "சாது கட்டி பெரும்பாலும் படுத்துக்கிட்டுதான் வளரும். நிக்கிறதைக் கண்டா உஷாரா இருக்கணும்."

இந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் கூடக் கூடக் கெடுதி. கூட்டிப் பார்த்து ஏழு வந்துவிட்டாலே ஐந்தாம் படி. புற்றுநோய்ச் சந்தேகத்தில் அதற்கு மேல் படி கிடையாது. ஐந்தாம் படியில் இருக்கிற கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், ஊசி வைத்து உறிஞ்சி எடுத்து ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும்.

நான் விரலில் எண்ணுவேன். யாருக்கும் தெரியாமல், சேலைத் தலைப்புக்குள். ஜெயந்தி தட்டி முடிப்பதற்குள் எனக்கு எத்தனையாம் படி என்று தெரிந்துவிடும். வேறு எந்த விஷயத்திலும் நான் இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்ததில்லை. அதனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கஸ்தூரியின் தொண்டை

அவளைப் பற்றிச் சொல்லாமல் போனால் புரியாது. கஸ்தூரி மேற்கு மாம்பலத்தில் கீரை விற்றாள். தலையில் கூடை. அவள் தெருமுனையில் "கீரே" என்று குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் ஜன்னல் திறக்கும். எனக்குக் குரலே கிடையாது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அடையாற்றங்கரையில் நாங்கள் குடிசையில் இருந்தபோது ஒரு மழைக்கு ஆறு உள்ளே வந்துவிட்டது. ரேஷன் கடைக் கூரைமேல் இருபது பேர் ஏறி நின்றோம். படகுக்காரர்கள் எங்களைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். கஸ்தூரிதான் கத்தினாள். மழைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் போய்ப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அரசாங்கத்தில் என்னைப் பெரும்பாக்கத்து அடுக்குவீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மாம்பலத்திலேயே வாடகைக்கு இருந்துகொண்டாள்.

அவள் கழுத்தில் வீக்கத்தை முதலில் பார்த்தது நான் இல்லை. இத்தனை கழுத்து பார்த்தவள், கூடப் பிறந்தவள் கழுத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாமிதான் பார்த்தார். வாரத்தில் நான்கு நாள் இவளிடம் கீரை வாங்குகிறவர்.

"கஸ்தூரி, கழுத்துல என்னடி உருண்டையா இருக்கு? முழுங்கறச்சே மேலயும் கீழயும் போறது. டாக்டராண்ட காட்டிண்டு வா. அப்புறமா அரைக்கீரை குடு."

"இன்னா மாமி, கீரைக்குக் கொசுறு கேப்பீங்கன்னு பாத்தா நீங்க எனக்குக் கொசுறு காட்றீங்க."

இதை அவளே எனக்குச் சொல்லிச் சிரித்தாள். தெரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் எங்கள் சென்டருக்கு வந்தாள்.

அந்தக் காலை

கட்டிலுக்குத் திரும்பி வருகிறேன்.

வழக்கமாக டாக்டர் ஒரு பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று மறுபக்கம் போவார். அன்று ஒரே இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். "சாலிட், டூ."

என் கை அவள் தலைக்கு அடியில் இருந்தது. விரல் தானாக மடங்கியது. இரண்டு.

"ஹைப்போ, டூ." கறுப்பு. நான்கு.

"டாலர் தேன் வைட், த்ரீ." அகலத்தைவிட உயரம், நிற்கிறது. ஏழு.

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஐந்தாம் படிக்கு ஏழு போதும். ஆனால் விரல் நிற்கவில்லை. ஓரம் இரண்டு, புள்ளி மூன்று. ஒரு கை முடிந்து, இன்னொரு கை முடிந்து, அதற்கு மேலும் இரண்டு. பன்னிரண்டு. அளவு ஒன்று பாயிண்ட் மூன்று என்றார்.

கஸ்தூரி கூரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னபடி எச்சில்கூட விழுங்காமல் படுத்திருந்தாள்.

டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். நான் டிஷ்யூ எடுத்தேன். கழுத்தைத் துடைத்தேன். தாலிக்கயிற்றை முன்னால் எடுத்துப் போட்டேன்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் இருக்காது, போ."

யோசித்துச் சொன்னேன் என்றால் அது பொய். யோசிக்கவே இல்லை. கை துடைத்தது, வாய் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, சரி இவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பது போல லேசாகத் தலையாட்டுவார்கள். கஸ்தூரி அப்படித் தலையாட்டவில்லை. நம்பிவிட்டாள். மூச்சை விட்டு எழுந்து உட்கார்ந்து, நசுங்கிய பூவைச் சரி செய்துகொண்டாள்.

அப்போதே, இல்லடி, உன் டாக்டரிடம் கண்டிப்பாகக் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேவியின் போன்

கஸ்தூரிக்கு ஒரே பெண், தேவி. பன்னிரண்டாவது படித்தவள். அவளுக்கு அப்போது வேளச்சேரியில் மாப்பிள்ளை நிச்சயமாகி, கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் எனக்குப் போன் செய்தாள்.

"பெரிம்மா, ரிப்போர்ட்ட படிச்சேன். கடைசில அஞ்சுன்னு போட்டிருக்கு. ஊசி வச்சுப் பாக்கணும்னு வேற இருக்கு. அம்மா என்னடான்னா, பெரிம்மாவே ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு, அவங்களுக்குத் தெரியாததான்னு சொல்லுது."

சொல்வதற்கு இரண்டாவது முறை வாய்ப்பு வந்தது. இந்த முறை யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். கழுத்தில் பிளாஸ்திரியோடு கஸ்தூரி மணமேடையில் நிற்பதை யோசித்தேன். கழுத்துக் கட்டி பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும், பதறவேண்டாம் என்று டாக்டர் எத்தனையோ பேரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அதையும் யோசித்தேன்.

"ஊசிதானேம்மா. கல்யாணம் முடியட்டும், வச்சிக்கலாம்."

"அப்ப பயமில்லையே பெரிம்மா?"

"இல்லம்மா."

கல்யாணம் முடிந்தது. பிறகு தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரியா என்றாள் கஸ்தூரி. பிறகு பொங்கல் சீர். பிறகு தேவி முழுகாமல் இருந்தாள். ஆடிக்கு அழைத்துவர வேண்டும், வளைகாப்பு போட வேண்டும். ஒவ்வொன்றும் முடியட்டும் என்று நானும் இருந்தேன். பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்ப்பேன். பார்த்துவிட்டு வேறு பேச்சு பேசுவேன். பதினைந்து மாதம் இருக்கும். கூடக்குறைய இருக்கலாம்.

குரல்

பிறகு அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. தெருவில் கத்துகிறவளுக்குத் தொண்டை கட்டுவது வழக்கம்தான் என்று மிளகு மென்றாள். மாமிதான் மறுபடியும் பிடித்தார்.

"நீ வந்துட்டுப் போனதே தெரியலைடி. நான் உள்ள உக்காந்துண்டு உன் சத்தத்துக்குக் காத்துண்டிருந்தேன்."

மறுபடியும் அதே கட்டில். மறுபடியும் துண்டு, வெந்நீரில் வைத்த ஜெல். அதே டாக்டர். ஜெயந்தி பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். அவர் இந்த முறை மார்க் சொன்னபோது நான் எண்ணவில்லை. கை அவள் தலையைத் தாங்கி அப்படியே இருந்தது. கட்டி உறையைத் தாண்டி வெளியே போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. பக்கத்தில் நெறிக்கட்டி என்றும் சொன்னார்.

அவர் கருவியை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"போன தடவையே ஊசி டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேனேம்மா. ஏன் பண்ணல?"

"ஒண்ணும் இல்லன்னு எங்க அக்கா சொல்லுச்சு சார்." கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"யாரு உங்க அக்கா? டாக்டரா?"

நான் தலைமாட்டில் நிற்கிறேன். கீழே அவள் கண் நேராக என் முகத்தில் இருந்தது. ஜெயந்தி தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல சார். அது ஊர்ல கீது" என்றாள் கஸ்தூரி.

எங்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. ஆற்றங்கரையில் பிறந்தவர்கள்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "ஊர்ல இருக்கறவங்க சொல்றதக் கேட்டுக்கிட்டு..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்து போனார். நான் டிஷ்யூவை எடுத்துத் துடைத்தேன். அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பேச்சுக்குப் போகிற நரம்பைக் கட்டி பிடித்துக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது என்றார்கள். பிறகு ஏதோ மருந்தைக் குடிக்கக் கொடுத்து, சில நாள் தனி அறையில் வைத்தார்கள். அதில் கதிர்வீச்சு இருக்கிறதாம், யாரும் பக்கத்தில் போகக் கூடாது. தேவி கைக்குழந்தைக்காரி, அவள் வரவே கூடாது என்றுவிட்டார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து சத்தமே இல்லை. அவள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

நுரையீரலிலும் சின்னச் சின்னதாக இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறாள். பேசினால் காற்றுதான் வருகிறது. கீரைக் கூடையை விட்டுவிட்டாள். பேரன் வேறு அறைக்குத் தவழ்ந்து போனால் கூப்பிட முடியாது, எழுந்து பின்னாலேயே ஓட வேண்டும்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு நாள் துணிந்து கேட்டேன். முன்னாடியே வந்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று. "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. சிலது வேகமா போகும். மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். கையில் டிஷ்யூ மட்டும் இல்லை.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் மாம்பலம் போய் அவளிடம் படித்துக் காட்டினேன். நான் எண்ணியது அவளுக்கு இதுவரை தெரியாது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியும் என்பதே தெரியாது. இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு, ஆயாவுக்கு என்ன தெரியும், பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு என்று நான் படித்த இடத்தில் கை நின்றது. முடிக்கும்வரை மறுபடி கிள்ளவில்லை.

பிறகு தொண்டையில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு பேசினாள். அப்படி அழுத்தினால் கொஞ்சம் கேட்கும்.

"தேவி இந்தப் புத்தகம் வாங்கிப் படிக்குது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அதோட கல்யாணத்தாலதான்னு நெனச்சிக்கும். அந்த போன் பேச்ச எடுத்துடு. நீ எண்ணினதையும் எடுத்துடு. தெரியாம சொன்னேன்னே போட்டுக்க."

"அது பொய்யாச்சேடி."

"நீ சொல்லாத பொய்யா?"

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. காயைக் கிள்ள ஆரம்பித்தாள். நான் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனேன்.

தேவி, இதைப் படிக்கும்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். நீ சரியாகப் படித்தாய். சரியான ஆளிடம் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டாய். உன் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

பத்திரிகையில் என் எழுத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்க் கணக்கெல்லாம் நான் காதால் கேட்டதுதான். தெரிந்த டாக்டர் யாரிடமாவது காட்டி, எதற்கு இரண்டு, எதற்கு மூன்று, எத்தனை சென்டிமீட்டருக்கு ஊசி என்று சரிபார்த்துப் போடுங்கள். மாதக் கணக்கும் தப்பாக இருக்கலாம், தேவியின் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டாக்டர்கள் சொன்ன வார்த்தையில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என் தங்கை எடுக்கச் சொன்ன இரண்டையும் மட்டும் எடுக்க வேண்டாம். அவற்றை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவும் வேண்டாம். அந்த இரண்டு இடத்திலும் நான் இருந்தேன்.